‘வீ ஆர் ஹேவிங் லஞ்ச்’ சரி, ‘ஐ ஆம் ஹேவிங் எ சைக்கிள்’ தவறு: ஏன்?

கொல்லிமலைத்தேன்

எல்லோருக்கும் வணக்கம். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளின் ஆங்கில நோட்டில் ‘ஐ ஆம் ஹேவிங் எ சைக்கிள்’ என்ற வரியை ஆசிரியை சிவப்பு மையால் அடித்து, மேலே ‘ஐ ஹேவ்’ என்று திருத்தியிருக்கிறார். அடுத்த பக்கத்தில் பள்ளிச் சுற்றுலா பற்றிய கட்டுரை. அதில் ‘வீ ஆர் ஹேவிங் லஞ்ச் அண்டர் எ ட்ரீ’ என்று எழுதியிருக்கிறாள். அதற்குச் சரிக்குறி. ஒரே சொல் ஓரிடத்தில் தவறாகவும் இன்னோரிடத்தில் சரியாகவும் எப்படி இருக்க முடியும் என்று கேட்கிறாள்.

“எப்போதும் நம்மிடம் இருப்பதற்கு ஹேவ், அந்த நேரத்தில் மட்டும் நடப்பதற்கு ஹேவிங்” என்று சொல்லிப் பார்த்தேன். “அப்படியானால் பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஒரு மணி நேரத்துக்கு வாங்கிய சைக்கிளுக்கு ஹேவிங் போடலாமா?” என்று மடக்கிவிட்டாள். இலக்கணப் புத்தகத்தில் ‘நிலைவினைகளுக்கு இங் சேர்க்கக் கூடாது’ என்று ஒரு பட்டியல் இருக்கிறது; ஹேவ் அதில் முதல் வரிசையில் நிற்கிறது. ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் ஏன் விலக்கு என்று அங்கே ஒரு வரியும் இல்லை. யாராவது விளக்க முடியுமா?

திருநெல்வேலிக்காரன்

அக்கா, பிள்ளையைச் சட்டக் கல்லூரியில் சேர்த்துவிடுங்கள். ஆங்கிலம் தானாக வரும்.

இரவுப்பணியாளர்

வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு தினமும் பேசும் வேலையில் இருக்கிறேன். எங்கள் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்த வழி: ஹேவ் இருக்கும் இடத்தில் ‘ஓன்’, அதாவது சொந்தமாக வைத்திருத்தல் என்ற வினையைப் போட்டுப் பாருங்கள். பொருந்தினால் இங் கூடாது. சைக்கிளுக்குப் பொருந்துகிறது, சாப்பாட்டுக்குப் பொருந்தவில்லை. அவ்வளவுதான்.

தேர்வுக்காலம்

அண்ணா, ‘ஐ ஹேவ் எ ஹெட்ஏக்’ என்கிறோமே, தலைவலியை யாராவது சொந்தமாக வைத்திருப்பார்களா? ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’ என்பதிலும் தம்பிகளுக்குப் பட்டா ஏதும் கிடையாதே. வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பிழை கண்டறியும் கேள்விகளில் இந்த ஹேவ் மாறி மாறி வந்து உயிரை எடுக்கிறது. அதனால்தான் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சாக்பீஸ்

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியன் நான். கொல்லிமலைத்தேன் அவர்களின் மகள் கேட்டது அசல் கேள்வி. அம்மா சொன்ன விளக்கத்தில் பாதிதான் இருக்கிறது. அந்த ஓட்டையைத்தான் பிள்ளை கண்டுபிடித்திருக்கிறாள்.

கால அளவுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. கடன் வாங்கிய சைக்கிள் ஐந்து நிமிடம் கையில் இருந்தாலும் ‘ஐ ஹேவ் எ சைக்கிள்’தான். தலைவலி கால் மணியில் போய்விடும். அதுவும் ‘ஐ ஹேவ் எ ஹெட்ஏக்’தான். ஒரு கல்யாணப் பந்தி இரண்டு மணி நேரம் நடக்கும்; அங்கே ‘ஹேவிங் லஞ்ச்’. எவ்வளவு நேரம் என்று பார்க்காதீர்கள். அங்கே ஏதாவது நடக்கிறதா, அல்லது வெறுமனே இருக்கிறதா என்று பாருங்கள்.

வகுப்பில் நான் கொடுத்த சோதனை மிக எளிது. “என்ன செய்துகொண்டிருக்கிறாய்?” என்று ஒருவர் கேட்கிறார். அதற்கு உங்கள் வாக்கியம் பதிலாக நிற்குமா? “சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்” நிற்கும். “குளித்துக்கொண்டிருக்கிறேன்”, “கூட்டத்தில் இருக்கிறேன்”, “டீ குடித்துக்கொண்டிருக்கிறேன்”, எல்லாம் நிற்கும். இவற்றையெல்லாம் ஆங்கிலத்தில் ஹேவிங் போட்டுச் சொல்லலாம். “என்ன செய்துகொண்டிருக்கிறாய்?” “எனக்கு ஒரு சைக்கிள் இருக்கிறது.” இது பதிலா? கேட்டவர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். “எனக்கு இரண்டு தம்பிகள்” என்பதும் அப்படித்தான்.

நம் செயலாக இல்லாமல் நமக்கு நேர்வதாக இருந்தால் “என்ன நடக்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள். மாரடைப்பு நடக்கிற விஷயம், ஆகவே ‘ஹீ இஸ் ஹேவிங் எ ஹார்ட் அட்டாக்’ சரி. காய்ச்சல் ஒரு நிலை, ஆகவே ‘ஹீ ஹாஸ் எ ஃபீவர்’. ‘ஹேவிங் ஃபீவர்’ என்று விடுப்புக் கடிதம் எழுதாத மாணவனை நான் பார்த்ததில்லை!

இன்னும் ஓர் இணையைச் சொல்கிறேன், மகளிடம் சொல்லிப் பாருங்கள். ‘ஷீ ஹாஸ் எ பேபி’ என்றால் அவளுக்குக் குழந்தை இருக்கிறது. ‘ஷீ இஸ் ஹேவிங் எ பேபி’ என்றால் அவள் கர்ப்பமாக இருக்கிறாள், அல்லது இந்த நிமிடம் பிரசவம் நடக்கிறது. ஓர் இங் மாறியதில் ஒரு பிள்ளை பிறந்துவிடுகிறது.

கொல்லிமலைத்தேன்

ஐயா, மிக்க நன்றி. “என்ன செய்துகொண்டிருக்கிறாய்” சோதனையைச் சொன்னதும் பிடித்துக்கொண்டாள். ஆனால் எனக்கே ஒரு சந்தேகம். நம் ஊரில் படித்தவர்கள்கூட ஏன் விடாமல் ‘ஐ ஆம் ஹேவிங்’ என்கிறார்கள்? எங்கள் அலுவலகத்தில் பெரிய அதிகாரிகளே ‘ஐ ஆம் ஹேவிங் எ டவுட்’ என்றுதான் கூட்டத்தில் எழுந்து நிற்பார்கள்.

சாக்பீஸ்

தமிழில் ஹேவ் என்ற வினையே கிடையாது அம்மா. நாம் அதை வேற்றுமை உருபில் வைத்திருக்கிறோம்.

எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள். என்னிடம் பணம் இருக்கிறது. வீட்டுக்கு நான்கு சன்னல்கள் உண்டு. நன்னூலார் நான்காம் வேற்றுமைக்குப் பொருள் சொல்லும்போது கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை என்று அடுக்குகிறார். ‘முறை’ என்றால் உறவுமுறை. ‘எனக்குத் தம்பி’ என்பதில் உள்ள ‘கு’ அதுதான். ஆங்கிலேயன் தம்பியையும் பணத்தையும் சன்னலையும் காய்ச்சலையும் ஒரே ஹேவில் கட்டுகிறான். நாம் உறவுக்கும் காய்ச்சலுக்கும் ‘எனக்கு’ என்கிறோம், கையில் உள்ள பொருளுக்கு ‘என்னிடம்’ என்கிறோம். வினை எல்லாவற்றுக்கும் ‘இரு’.

சிக்கல் இந்த ‘இரு’வில்தான் தொடங்குகிறது. பள்ளியில் நாம் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம்? ‘படிக்கிறேன்’ என்றால் இங் இல்லை, ‘படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்றால் இங். பிள்ளை மனத்தில் என்ன பதிகிறது? வாக்கியத்தின் கடைசியில் ‘இருக்கிறேன்’ என்று கேட்டால் இங் போடு. ‘சைக்கிள் வைத்திருக்கிறேன்’ என்பதன் கடைசியில் என்ன கேட்கிறது? சந்தேகம் இருக்கிறது, தம்பி இருக்கிறான், நேரம் இருக்கிறது என்று எங்கு திரும்பினாலும் ‘இரு’. பிள்ளை விதியை ஒழுங்காகத்தான் பின்பற்றியிருக்கிறாள். விதிதான் அரைகுறை.

இந்திக்காரர்களும் இதே தவறைச் செய்கிறார்கள். அவர்களுக்கும் ஹேவுக்கு நேரான வினை இல்லை. ‘மேரே பாஸ் ஹை’ என்று இருத்தலை வைத்துத்தான் சொல்கிறார்கள்.

வேர்ச்சொல்

சாக்பீஸ் ஐயாவின் விளக்கம் அருமை. ஆனால் ‘தவறு’ என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். மொழியியல் படிக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

ஹேவ் இல்லாதது ஏதோ நம்மிடம் உள்ள குறை என்பதுபோல் பேச வேண்டியதில்லை. ரஷ்ய மொழியில் ‘உ மென்யா’, அதாவது என்னிடம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஐரிஷ் மொழியிலும் ஃபின்னிஷ் மொழியிலும் இருத்தல் வினையோடு ஓர் உருபுதான். லத்தீனில் தனி வினை இருந்தும் ‘மிஹி எஸ்ட்’, எனக்கு இருக்கிறது, என்ற வடிவமும் புழங்கியது. அந்த லத்தீன் வினையான ‘ஹபேரே’ ஆங்கில ஹேவோடு ஒன்றுபோல் ஒலித்தாலும் இரண்டும் ஒரே வேர் அல்ல. ஹேவின் உண்மையான லத்தீன் உறவுக்காரர் ‘காபேரே’. பிடித்தல், கைப்பற்றுதல் என்று பொருள். பிடித்தவன் கையில்தானே பொருள் இருக்கும். அங்கிருந்துதான் உடைமைப் பொருள் வந்தது.

இரண்டாவது, இங் வடிவம் ஆங்கிலத்திலேயே சில நூற்றாண்டுகளாகப் பரவிக்கொண்டிருக்கிறது. வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதை ஒரு காலத்தில் ‘த ஹவுஸ் இஸ் பில்டிங்’ என்றார்கள். இன்று நாம் எழுதும் ‘இஸ் பீயிங் பில்ட்’ புதிதாக வந்தபோது 19ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் அதை அநாகரிகம் என்று திட்டித் தீர்த்தார்கள். இன்று அதை யாராவது அடிக்கிறார்களா? மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 2003இல் ‘ஐ ஆம் லவ்விங் இட்’ என்பதை உலகம் முழுவதும் விளம்பர வாசகமாக்கியது. ‘லவ்’ நிலைவினைப் பட்டியலில் உள்ளதுதான். அவர்கள் செய்தால் விளம்பரம், நாம் செய்தால் பிழையா? கோடிக்கணக்கானவர்கள் பல தலைமுறையாகப் பேசும் வடிவம் அது. இந்திய ஆங்கிலம் என்பது ஒரு வகை, அதற்கு அதன் இலக்கணம்.

இரவுப்பணியாளர்

தம்பி, படிப்பதற்கு நன்றாக இருக்கிறது. வேலைக்கான நேர்முகத்தில் இதைச் சொல்லிப் பாருங்களேன். எங்கள் நிறுவனத்தில் அழைப்புகளைக் கேட்டு மதிப்பெண் போடுபவர் ‘ஐ ஆம் ஹேவிங் யுவர் டீடெயில்ஸ்’ என்று கேட்டதும் ஒரு கட்டத்தில் பெருக்கல் குறி போடுகிறார். அவருக்கு 19ஆம் நூற்றாண்டு தெரியாது. வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் திறன் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸின் பேச்சுப் பகுதியில் மதிப்பிடும் நான்கு அம்சங்களில் ஒன்று இலக்கண வளமும் துல்லியமும். எதிரே இருப்பவர் 11 முதல் 14 நிமிடங்களில் நம்மை எடைபோட்டுவிடுவார். அங்கே இந்திய ஆங்கிலத்தின் உரிமைக்காக வழக்காட நேரம் இருக்காது.

வேர்ச்சொல்

தேர்வுக்காகக் கற்றுக்கொள்வதை நான் மறுக்கவில்லை அண்ணா. ‘இது இங்கே இப்படி, அங்கே அப்படி’ என்று சொல்லிக்கொடுங்கள் என்கிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குச் சிவப்புக் கோடு மட்டும் கிடைக்கிறது, காரணம் கிடைப்பதில்லை.

சாக்பீஸ்

நாற்பது நோட்டுகளைத் திருத்திவிட்டு அடுத்த வகுப்புக்கு ஓட வேண்டிய ஆசிரியைக்குக் கோடு போடத்தான் நேரம் இருக்கும். அந்தப் பக்கத்தையும் பாருங்கள்.

விளம்பர வாசகத்தைப் பற்றி ஒரு சொல். அதை எழுதியவர்களுக்கு விதி தெரியும், கேட்பவருக்கும் தெரியும். விதி மீறப்படுகிறது என்று இருவருக்கும் தெரிவதால்தான் அது காதில் ஒட்டிக்கொள்கிறது. ‘இந்த நிமிடம் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்’ என்ற அழுத்தம் அதில் வருகிறது. ‘ஐ ஆம் ஹேவிங் எ சைக்கிள்’ என்பதில் அப்படி எந்தக் கூடுதல் பொருளும் வருவதில்லை. எனவே இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. ஆனால் இந்திய ஆங்கிலம் பேசுகிறவரைப் பார்த்துச் சிரிப்பவர்களைக் கண்டால் எனக்கும் கோபம் வரும். இந்த இரண்டும் எனக்குள் சேர்ந்தே இருக்கின்றன.

தேர்வுக்காலம்

பெரியவர்கள் சண்டை முடிந்தால் என் கேள்விக்கு வரலாமா? ‘ஐ ஹாட் கான் டு மதுரை லாஸ்ட் வீக்’ என்ற வாக்கியத்தில் பிழை உள்ள பகுதியைக் கேட்டிருந்தார்கள். ‘ஹாட் கான்’ தவறாம், ‘வென்ட்’ என்று இருக்க வேண்டுமாம். போன வாரம் முடிந்துபோன விஷயம்தானே? முடிந்ததற்குத்தானே ‘ஹாட்’?

சாக்பீஸ்

இங்கேயும் குற்றவாளி நம் ‘இரு’தான். ‘போன வாரம் மதுரைக்குப் போயிருந்தேன்’ என்பது பழுதில்லாத தமிழ். ஊர்க்கதை சொல்லத் தொடங்கும்போது நாம் எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிப்போம். ‘போனேன்’ என்றால் கதை அங்கேயே முடிந்த மாதிரி இருக்கும். ‘போயிருந்தேன்’ என்றால் “அங்கே என்ன ஆயிற்று தெரியுமா” என்று இன்னும் வரப்போகிறது. அந்தப் ‘போயிருந்தேன்’ அப்படியே ‘ஹாட் கான்’ ஆகிவிடுகிறது.

ஆங்கிலத்தில் ஹாட் வர வேண்டுமென்றால் இறந்தகாலத்தில் இரண்டு புள்ளிகள் வேண்டும், முந்தியதற்கு ஹாட். ‘நான் நிலையத்துக்குப் போவதற்குள் வைகை எக்ஸ்பிரஸ் கிளம்பிவிட்டிருந்தது.’ கிளம்பியது முந்தி, நான் போனது பிந்தி. அங்கே ‘த ட்ரெயின் ஹாட் லெஃப்ட்’. இரண்டாவது புள்ளி வாக்கியத்திலேயே இருக்க வேண்டும் என்பதில்லை, முந்தைய வரியில் இருந்தாலும் போதும். எங்குமே இல்லாமல் தனியாக ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் வெறும் இறந்தகாலம்: ‘ஐ வென்ட்’.

வேர்ச்சொல்

இதில் சேர்த்துக்கொள்ள ஒன்று. ‘நேற்று ஒருவர் உன்னைத் தேடி வந்திருக்கிறார்’ என்று தமிழில் சொல்லலாம். வந்ததை நான் பார்க்கவில்லை, யாரோ சொல்லித் தெரிந்தது, அல்லது வாசலில் கிடந்த சீட்டைப் பார்த்து ஊகித்தது என்ற குறிப்பு அந்த ‘இருக்கிறார்’ என்பதில் ஒளிந்திருக்கிறது. ஆங்கில ஹாஸ் அந்த வேலையைச் செய்யாது. ‘எஸ்டர்டே’ என்று நாள் குறித்துவிட்டால் ‘ஹாஸ் கம்’ வராது, ‘கேம்’ மட்டும்தான். பிழை கண்டறியும் கேள்விகளில் ‘எஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’, ‘இன் 2019’ என்று முடிந்துபோன நேரம் வாக்கியத்தில் தெரிந்தால் உடனே ஹேவ், ஹாஸ் பக்கம் கண்ணை ஓட்டுங்கள்.

இன்னொரு பொறி. ‘நான் தஞ்சாவூருக்குப் போயிருக்கிறேன்’, ‘அப்பா தஞ்சாவூருக்குப் போயிருக்கிறார்’. இரண்டிலும் ‘போயிருக்க’. முதலாவது அனுபவம்: போய்த் திரும்பியாயிற்று, பெரிய கோயிலைப் பார்த்தாயிற்று. இரண்டாவதில் அப்பா இப்போது வீட்டில் இல்லை. ஆங்கிலம் இதைப் பிரித்துவிடும். முதலாவது ‘ஐ ஹேவ் பீன் டு தஞ்சாவூர்’, இரண்டாவது ‘ஹீ ஹாஸ் கான் டு தஞ்சாவூர்’. தொலைபேசியில் ‘ஐ ஹேவ் கான் டு தஞ்சாவூர்’ என்று சொன்னால், இங்கே பேசிக்கொண்டிருப்பவர் எப்படி அங்கே போயிருக்க முடியும் என்று எதிர்முனையில் குழம்புவார்கள்.

லண்டன் குளிர்

இந்த இழையை இங்கே பனியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். புத்தகத்தில் இல்லாத சில விஷயங்கள் சொல்கிறேன்.

பிரிட்டனில் பேச்சில் ‘ஐ ஹேவ் எ கார்’ என்பதைவிட ‘ஐவ் காட் எ கார்’ அதிகம் காதில் விழும். கேள்வியும் ‘ஹேவ் யூ காட்’. அமெரிக்கர்கள் ‘டூ யூ ஹேவ்’ என்பார்கள். பழைய நாவல்களில் வரும் ‘ஹேவ் யூ எ பென்’ என்பதை இன்று பேசினால் தாத்தா காலத்துச் சட்டை போட்டுக்கொண்டு வந்தவரைப் போலப் பார்ப்பார்கள். இந்த ‘ஹேவ் காட்’ முழுக்க உடைமைக்குத்தான். சாப்பாட்டுக்கு வராது: ‘ஐவ் காட் லஞ்ச்’ என்றால் டிபன் டப்பா பையில் இருக்கிறது என்று பொருள், சாப்பிடுகிறேன் என்று பொருள் இல்லை. சாக்பீஸ் ஐயா சொன்ன இருத்தல், நடத்தல் பிரிவை இதை வைத்தும் சோதிக்கலாம்.

கடையில் கேட்கும்போது ‘கிவ் மீ எ காபி’ என்றால் முகம் சுருங்கும். ‘கேன் ஐ ஹேவ் எ காபி, ப்ளீஸ்’. நம் ஊரில் “ஒரு காபி கொடுங்கள்” என்பதில் ‘ங்கள்’ மரியாதையைச் சுமந்துவிடுகிறது. ஆங்கில ‘கிவ்’ என்பதில் அதைத் தொங்கவிட இடம் இல்லை.

அடுத்தது முடிவெட்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நண்பர் ‘ஐ கட் மை ஹேர் எஸ்டர்டே’ என்றார். “நீயேவா? நன்றாகத்தான் வெட்டியிருக்கிறாய்” என்று பாராட்டினார்கள். கடையில் வெட்டிக்கொண்டால் ‘ஐ ஹாட் மை ஹேர் கட்’. வண்டியை மெக்கானிக்கிடம் விட்டால் ‘ஐ ஹாட் மை கார் ரிப்பேர்ட்’. இன்னொருவரை வைத்துச் செய்வித்த எதற்கும் இந்த அமைப்பு. பேச்சில் ஹாட் இருக்கும் இடத்தில் காட் போட்டும் சொல்வார்கள்.

திருநெல்வேலிக்காரன்

அப்படியானால் நான் வீடு கட்டினேன் என்று சொல்லக் கூடாதா? கடன் தவணை நான்தானே கட்டுகிறேன்! ராஜராஜன் பெரிய கோயிலைக் கட்டினான் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறதே, அவன் என்ன கல் சுமந்தானா?

லண்டன் குளிர்

ராஜாக்களுக்குச் சலுகை உண்டு! ‘ராஜராஜா பில்ட் த டெம்பிள்’ என்று எழுதினால் யாரும் திருத்தமாட்டார்கள். நீங்களும் ‘ஐ பில்ட் எ ஹவுஸ்’ என்று சொல்லலாம், ஆனால் சாந்துக் கரண்டியோடு உங்களைக் கற்பனை செய்வார்கள். கொத்தனாரை வைத்துக் கட்டியதென்றால் ‘ஐ ஹாட் எ ஹவுஸ் பில்ட்’.

சாக்பீஸ்

திருநெல்வேலியார் விளையாட்டாகக் கேட்டாலும் நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறார். ராஜராஜனே ‘கட்டினேன்’ என்று சொல்லவில்லை. தஞ்சைக் கோயில் கல்வெட்டில் ‘நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி’ என்றுதான் பொறித்திருக்கிறது. எடுத்த என்று இல்லை, எடுப்பிச்ச. எடுப்பித்த என்பதன் பேச்சு வடிவம்; பிறவினை. இன்னொருவரைக் கொண்டு எழுப்பச் செய்த கற்கோயில் என்று பொருள். ‘ஹாட் இட் பில்ட்’ என்பதற்கு இதைவிடத் துல்லியமான தமிழ் கிடைக்காது. 1010இல் குடமுழுக்கு கண்ட கோயிலில் அரசனே இலக்கணம் பிசகாமல் பேசுகிறான். நாம்தான் செய்வித்தேன், கட்டுவித்தேன், வெட்டுவித்தேன் எல்லாவற்றையும் பரணில் போட்டுவிட்டு எல்லாவற்றையும் ‘கட்டினேன்’ ஆக்கிவிட்டோம். பிறகு ஆங்கிலத்தில் ‘ஐ கட் மை ஹேர்’ என்று வராமல் என்ன செய்யும்? பிள்ளைகளுக்கு ‘ஹாட் இட் டன்’ என்பதைச் சொல்லிக்கொடுக்கும்போது ‘வித்தேன்’ போட்டுச் சொல்லிக்கொடுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள். என் வகுப்பில் பலித்தது.

கொல்லிமலைத்தேன்

அருமை ஐயா! இதை மகளிடம் படித்துக் காட்டினேன். ‘ஐ ஹாட் மை ஹோம்வர்க் டன் பை அப்பா’ என்று உடனே ஒரு வாக்கியம் சொன்னாள். பாராட்டுவதா விசாரிப்பதா என்று தெரியவில்லை.

இரவுப்பணியாளர்

வேலையிடத்தில் உண்மையில் ஆளைக் கவிழ்ப்பது ‘ஹேவ் டு’. போக வேண்டும் என்பதற்கு ‘ஹேவ் டு கோ’, அது எல்லோருக்கும் தெரியும். எதிர்மறையில்தான் விபத்து. ‘யூ டோன்ட் ஹேவ் டு ஜாயின் த கால்’ என்று மேலாளர் எழுதியிருந்தார். எங்கள் குழுவில் ஒருவர் அதை “நீ வர வேண்டாம்” என்று எடுத்துக்கொண்டு, தன்னை ஒதுக்குகிறார்கள் என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். மேலாளர் சொன்னது ‘வர வேண்டிய கட்டாயம் இல்லை, விருப்பம் இருந்தால் வரலாம்’ என்பது. வரக் கூடாது என்றால் ‘மஸ்ட் நாட்’. தமிழில் ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல் இரண்டு பக்கமும் சாயும். ஆங்கிலத்தில் இவை இரண்டும் வெகு தூரம்.

உச்சரிப்பும் மாறும். ‘ஐ ஹேவ் டூ கார்ஸ்’ என்பதில் ஹேவ் ஹேவாகவே இருக்கும். வேண்டும் என்ற பொருளில் வரும்போது ‘ஹாஃப் டு’ என்று ஒலிக்கும். ‘ஹாஸ் டு’ என்பதும் ‘ஹாஸ்டு’ என்று இறுகிவிடும். முதலில் அழைப்புகளைக் கேட்கும் புதியவர்கள், பாதி என்ற பொருளுள்ள ‘ஹாஃப்’ என்று நினைத்து எதில் பாதி என்று தேடுவார்கள்.

தேர்வுக்காலம்

‘டஸ் ஷீ ஹாஸ்’, ‘டிட் யூ ஹாட்’ இதெல்லாம்?

இரவுப்பணியாளர்

டஸ், டிட் வந்தபிறகு ஹேவ் மட்டும்தான். காலத்தையும் ஆளையும் முன்னால் நிற்பவர் சுமந்துகொண்டார், ஹேவ் வெறுங்கையோடு வரலாம்.

தேர்வுக்காலம்

‘ஹாட் ஹாட்’ என்று இரண்டு தடவை வந்தால் அச்சுப்பிழை என்று குறித்துவிடலாமா? இன்று மாதிரித் தேர்வில் ஒன்று வந்தது.

வேர்ச்சொல்

குறித்துவிடாதீர்கள்! முதல் ஹாட் உதவிக்கு வந்தது, இரண்டாவது ஹாட் சொந்த வேலையில் இருக்கிறது. ‘ஷீ ஹாட் ஹாட் லஞ்ச் பிஃபோர் ஐ கேம்’: நான் வருவதற்குள் அவள் சாப்பிட்டுவிட்டிருந்தாள். இரண்டாவது ஹாட் இருக்கும் இடத்தில் ‘ஈட்டன்’ போட்டுப் படியுங்கள், சிக்கல் அவிழ்ந்துவிடும்.

உதவிக்கு வரும் ஹேவ் எங்கிருந்து வந்தது என்பது சுவையான கதை. ‘எழுதிய நிலையில் ஒரு கடிதத்தை வைத்திருக்கிறேன்’ என்பதுபோன்ற பழைய அமைப்பிலிருந்துதான் ‘கடிதத்தை எழுதியிருக்கிறேன்’ என்ற பொருள் முளைத்தது. உடைமை வினை மெல்ல மெல்லத் துணைவினை ஆகிவிட்டது. போதல், வருதல் போன்ற நகர்வு வினைகளுக்கு ஆங்கிலத்திலும் முன்பு ஹேவ் இல்லை. ‘ஹீ இஸ் கம்’ என்று இருத்தல் வினைதான் நின்றது. ஜெர்மனில் இன்றும் ‘எர் இஸ்ட் கெகோமன்’. நம் ‘வந்திருக்கிறார்’ என்பதைப் போலவே.

கொல்லிமலைத்தேன்

நிறையக் கற்றுக்கொண்டேன். கடைசியாக ஒன்று கேட்டுவிடுகிறேன். மகளின் கதைப் புத்தகத்தில் ‘யூ ஹாட் பெட்டர் கோ நௌ’ என்று ஒரு வரி வருகிறது. இப்போது போ என்று சொல்வதற்கு எதற்கு ஹாட்? அங்கே இறந்தகாலம் எங்கே இருக்கிறது?

சாக்பீஸ்

இல்லை அம்மா. வடிவம்தான் பழையது, பொருள் இப்போதைக்கும் இனிமேலுக்கும் உரியது. ஆங்கிலத்தில் நடவாததை, நடக்க வேண்டியதைப் பேசும்போது இறந்தகால வடிவம் எட்டிப் பார்ப்பது உண்டு. ‘இஃப் ஐ ஹாட் மணி’, என்னிடம் பணம் இருந்தால், என்பதில் வருவது போல. தமிழிலும் ‘இருந்தால்’ என்பதில் இறந்தகால உருவம்தானே இருக்கிறது, நாம் யாரும் நேற்றைப் பற்றிப் பேசவில்லையே. ‘பெட்டர்’ என்பதற்குப் பிறகு ‘டு’ வராது, வினை வெறுமனே வரும். பேச்சில் ஹாட் தேய்ந்து, ‘யூ பெட்டர் கோ’ என்றுதான் காதில் விழும்.

ஆனால் ‘ஹாட் பெட்டர்’ வெறும் ஆலோசனை இல்லை. “போய்விடு, இல்லையென்றால் நடப்பதே வேறு” என்ற மிரட்டல் தொனி அதில் உண்டு. அம்மா பிள்ளையிடம் சொல்லலாம், நண்பன் நண்பனிடம் சொல்லலாம். மேலதிகாரிக்கு எழுதும் மின்னஞ்சலில் ‘யூ ஹாட் பெட்டர் சைன் திஸ்’ என்று எழுதினால், கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பார். அங்கே ‘குட் யூ ப்ளீஸ் சைன் திஸ்’ என்று எழுதுங்கள். தேர்வுக்காலம் தம்பிக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: எதிர்மறையில் ‘நாட்’ பெட்டருக்குப் பின்னால்தான் நிற்கும். ‘யூ ஹாட் பெட்டர் நாட் கோ’. ‘ஹாட் நாட் பெட்டர்’ என்று கொடுத்திருந்தால் பிழை அங்கேதான்.